ஆலைச் சுவர் இருமிய வருடம்

முதல் அநியாயம் நிலம். செம்மணங்குறிச்சியில் கம்பும் கடலையும் விளைந்துகொண்டிருந்த மேட்டுக்காட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது என்று கண்டுகொண்டவர்கள், வீட்டுக்கு ஒரு வேலை என்று மைக் கட்டிச் சொல்லி, கைநாட்டு வாங்கி, வேலி போட்டார்கள். இரண்டாவது அநியாயம் வேலை. வெளியூர்க்காரன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தான். நிலம் கொடுத்தவன் தன் கொல்லையாக இருந்த இடத்திலேயே, கேட்டுக்கு வெளியே, ஒப்பந்தக்காரன் விரல் நீட்டுவானா என்று வரிசையில் நின்றான். மூன்றாவது தூசி. அது ஓட்டின் மேல் விழுந்து மழையில் இறுகி, எங்கள் ஓட்டு வீடுகளை எல்லாம் ஆலையே தளம் போட்டுக் கொடுத்தது போல் ஆக்கியது. பால் கறக்கும் சொம்பில் விழுந்தது, தூளியில் விழுந்தது, நெஞ்சில் விழுந்தது. நான்காவது, ஆலையின் மருத்துவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன ஆண்களிடம் எல்லாம் அவர் கேட்டது, “பீடி குடிப்பியா?” பெண்களிடம் கேட்டது, “உன் புருஷன் குடிப்பானா?” ஐந்தாவது, நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சங்கத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதிக்கு ஆலைக்குள்ளேயே அறை கொடுத்து மின்விசிறி மாட்டினார்கள், இன்னொரு பாதியை, அதாவது என்னை, வெளியே தள்ளினார்கள். ஆறாவது, பேக்கிங் பிரிவில் கூட்டிப் பெருக்கிய பெண்களுக்குப் பெயர் போடவில்லை. வருகைப் பதிவில் அவர்கள் ‘பெண் ஆள்’ என்ற தலைப்புக்குக் கீழே வெறும் கோடுகள். ஏழாவது, அந்தக் கோடுகளில் எது இருமத் தொடங்கியதோ அதை மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். எட்டாவது, கொளஞ்சியம்மாள் செத்துப்போய், தூசியால் செத்தாள் என்று எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டபோது, அப்படி ஒருத்தி இங்கே வேலை பார்த்ததே இல்லை என்றார்கள்.

வரிசை மாற்றாமல் சொல்கிறேன். வரிசை தவறினால் அது ஒப்பாரி. ஒப்பாரிக்கு ஆலை இரக்கப்பட்டு மாலை அனுப்பும். வரிசையாகச் சொன்னால் அது குற்றச்சாட்டு, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கொளஞ்சியம்மாள் என் மனைவி. அவள் போன பிறகு எனக்கு யாரும் இல்லை. மேடையில் பேசியவனுக்கு வீட்டில் பேச ஆள் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று எந்தத் துண்டறிக்கையிலும் நான் படித்ததில்லை, படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். உலை வைப்பேன், அரிசி கொதிக்கும், அந்தச் சத்தத்திடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வெட்கப்பட்டு வெளியே வந்துவிடுவேன்.

கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்கலாம் என்றால் அவளுக்குப் போட்டோ இல்லை. கல்யாணப் போட்டோவில் பூச்சி அரித்து மாலை மட்டும் மிச்சம் இருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்தது அவள்தான் என்று அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் நம்பமாட்டார்கள். போட்டோ இல்லாதவளை ஊர் ஒரு மழைக்காலத்துக்குள் மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும், ஆலைக்கும் தெரியும். அதனால் நான் சுண்ணாம்பும் காவியும் நீலப்பொடியும் எடுத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஆலையின் கிழக்கு மதிலுக்குப் போனேன்.

எனக்குப் படம் வராது. நான் சுவரெழுத்துக்காரன். எழுத்து வரும், முஷ்டி வரும், உதிக்கிற சூரியன் வரும். முகம் என்று ஒன்றை நான் வரைந்ததே இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்த எழுத்துகளின் வளைவுகளைக் கொண்டே அவளைக் கட்டினேன். கொக்கிகளைக் காதாக்கினேன், சுழிகளைக் கன்னமாக்கினேன், கோரிக்கை முழக்கத்துக்குப் போடும் அழுத்தமான கோட்டைப் புருவத்துக்குப் போட்டேன். சுண்ணாம்பு போதாமல் போன இடத்தில் எங்கள் கூரையிலிருந்து சுரண்டி வந்த தூசியைக் குழைத்துப் பூசினேன். பேக்கிங் பிரிவில் பெண்கள் முந்தானையை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். கண் மட்டும்தான் வெளியே தெரியும். நானும் அப்படித்தான் வரைந்தேன். வரைந்து முடித்துவிட்டுக் காசிநாதன் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன்.

காசிநாதன் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான், “தோழரே, கோச்சுக்காதீங்க. கொள்ளைக்காரி மாதிரி இருக்கு.”

“வேலைக்குப் போறவ அப்படித்தான்யா இருப்பா.”

“அது சரி. ஆனா இது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? மூஞ்சியத் தொறந்து விடுங்க.”

மறுநாள் காலையில் நான் துணியை அழித்துவிட்டு வாயை வரைந்தேன். கீழுதடு சற்றுத் தடிப்பு அவளுக்கு, அதைக் காவியில் இழுத்தேன். சுண்ணாம்பின் ஈரம் காய்வதற்குள், ஆலையில் காலைச் சங்கு ஊதியதும், அவள் இருமினாள். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, குறுக்கே பேசிவிட்டவள் போல ஒரு தயக்கம். அவள் இருமல்தான். நான் சுண்ணாம்பு மட்டையைக் கழுவி வைத்தேன். காசிநாதன் டீ ஆற்றுவதை நிறுத்தாமல், “அக்காவுக்கு இன்னும் விடலியா” என்றான்.

ஊர் அதை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரத்தில் பேருந்துக்கு நின்றவர்கள் அவள் இருமும்போது பேச்சை நிறுத்தி, இருமி முடித்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இரண்டாவது வாரத்தில் யாரோ துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துச் சுவரடியில் ஊற்றினார்கள். ஆடு மேய்ப்பவர்கள் அவள் இருமலை வைத்து ஆடுகளைத் திருப்பினார்கள். இந்தச் சுவர் தேர்தல் வரை எங்களுக்கு முன்பதிவு என்று எழுதி வைத்திருந்த கட்சிக்காரர்கள், வாளியும் சுண்ணாம்புமாக வந்து நின்று, ஒரு இருமல் கேட்டு, ‘முன்பதிவு’ என்பதைத் தாங்களே அழித்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்கள். அவர்கள் எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது வாரத்தில் குங்குமம் வந்தது. கக்குவான் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் வந்து, இருமலம்மா இதையும் சேர்த்து வாங்கிக்கோ என்று சூடம் காட்டினாள். அடுத்தடுத்து எலுமிச்சம்பழம், மஞ்சள் துணி, ஒரு உண்டியல் கூட வந்துவிட்டது. நான் ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தேன். அவர்கள் மறுபடி வைத்தார்கள், நான் மறுபடி துடைத்தேன். “சாமி குத்தம் ஆகும்” என்றார்கள். “இது சாமி இல்ல, தொழிலாளி. சாமியா இருந்தா இருமாது” என்றேன். அந்தத் தாய், “தொழிலாளின்னா எங்க வலி இன்னும் நல்லாத் தெரியும்ல” என்று சொல்லி, சூடத்தை அணைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டே போனாள். உண்டியலை மட்டும் தூக்கிக் காசிநாதன் கடையில் சர்க்கரை போட்டு வைக்கக் கொடுத்துவிட்டேன்.

பிறகு பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவள் வள்ளிக்கண்ணு, கொளஞ்சியம்மாளோடு கொட்டிய சிமெண்டைக் கூட்டி அள்ளியவள், இன்றும் அதே பேக்கிங் பிரிவில் ஒரு கோடாக இருப்பவள். “அண்ணே, எங்க வீட்டுக்காரரையும் அண்ணி பக்கத்துல போடுங்க” என்றாள். அவள் கணவன் அரவை இயந்திரத்தில் வேலை பார்த்துச் செத்தவன். மூக்கு எப்படி, மீசை எப்படி என்று நான் கேட்க, அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். வாய் திறந்ததும் அவனும் இருமினான். வள்ளிக்கண்ணு தலையைச் சாய்த்துக் கேட்டாள், புடவைக் கடையில் துணியைத் தடவிப் பார்ப்பது போல. “இது அவரு இல்லண்ணே. அவரு முடிக்கும்போது ஒரு கெட்ட வார்த்த சொல்லுவாரு.” நான் கீழுதட்டைக் கொஞ்சம் கோணினேன். சொன்னான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு எப்போது வேறாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் மதில் நிறைந்தது. அரவைக்காரர்கள், சூளைக்காரர்கள், கல் உடைத்தவர்கள், லாரி ஏற்றியவர்கள், எல்லோரும் சங்கு ஊதும்போது ஒன்றாக இருமினார்கள், சங்குக்கு நடுவே தனித்தனியாக இருமினார்கள், ஒவ்வொரு வீட்டாரும் தம் ஆளை இருமலை வைத்தே அடையாளம் கண்டு, முறுக்கோ வெந்நீரோ ஊர்ச் சேதியோ கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். உச்சிவெயில் சாய்ந்து மதில் நிழல் விழும் நேரத்தில் துண்டை விரித்து, அவளுக்குக் கீழே, முதுகைச் சுவரில் சாய்த்து, அன்றைய செய்தித்தாளை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எனக்கும் இருமல் வந்திருந்தது. நானும் அவளும் மாறி மாறி இருமும்போது எது சுவர் எது ஆள் என்று போகிறவர்களுக்குக் குழப்பம் வந்தது. அவளுக்கு இடப்பக்கம் ஒரு ஆள் அகலத்துக்குச் சுவர் காலியாகக் கிடந்தது. காசிநாதன் கேட்டான், “எடம் போட்டு வச்சிருக்கீங்களா?”

“பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கிறவன் இல்ல நான்.”

“அப்ப யாரு வரைவா உங்கள?”

“யாரும் வேண்டாம். நான் வாயத் தெறந்தே கெட்டவன்னு ஊருக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டேனே தவிர அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வரைந்தவன் தன் கைக்கு மட்டும் எட்டுவதில்லை. அடுத்தவனுக்குச் செய்ததை எவனும் தனக்குச் செய்துகொள்ள முடியாது. செத்துப்போவதைவிட அதுதான் தனிமை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வரவில்லை, கோபம் வந்தது. கோபத்தில் இன்னொரு முகம் வரைந்தேன்.

ஆலை சும்மா இருக்கவில்லை. வெள்ளை அடித்தார்கள், இருமுகிற இடத்தில் எல்லாம் வெள்ளை செதில் செதிலாக உதிர்ந்து வாய்கள் முதலில் வெளியே வந்தன. தார் அடித்தார்கள், தாருக்குள்ளிருந்து சளி கட்டிய இருமலாக வந்தது, அது இன்னும் மோசம். ஆலையை இன்னொரு பெரிய கம்பெனிக்கு விற்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது, வாங்குகிறவர்கள் பார்வையிட வரப் போகிறார்கள், கேட்டுக்குப் பக்கத்திலேயே மதில் இருமிக்கொண்டிருந்தால் எந்த முதலாளி கையெழுத்துப் போடுவான். பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தார்கள்: மேற்படி சுவரை இடிக்க அனுமதி வேண்டும்.

என்மேல் அந்த மாதிரி உத்தரவுகள் வந்து வந்து எனக்கு அந்த நடைமுறை மனப்பாடம். தொல்லை என்றால் தொல்லை செய்பவர் யார் என்று பெயரும் தொழிலும் போட வேண்டும். உத்தரவை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே ஒட்டி, சாட்சிகள் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆலை கொடுத்த மனுவில் மதிலில் இருந்த ஆண்கள் எல்லோருக்கும் பெயர் இருந்தது. அவர்கள் பதிவில் இருந்தவர்கள். தொல்லை என்று நிரூபிக்கும் அவசரத்தில், பீடி இருமல் என்று இத்தனை காலம் சொன்னதை மறந்து, எங்கள் ஆலைத் தொழிலாளர்களின் இருமல் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். கொளஞ்சியம்மாளுக்கு மட்டும் பெயர் போடவில்லை.

மேலாளர் என் வீட்டுக்கே வந்தார். இளம் வயசு இல்லை, தலை நரைத்தவர், ஆலையிலேயே வளர்ந்து மேலாளர் ஆனவர். முற்றத்தில் நின்றுகொண்டே பேசினார்.

“பெரியவரே, உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. தனியா இருக்கீங்க. அந்தப் படத்தை மட்டும் மிஷின் வச்சுப் பலகை மாதிரி அறுத்து, அலுங்காமக் கொண்டுவந்து உங்க வீட்டுச் சுவரோட பதிச்சுக் கொடுத்துடுறோம். உங்க மனைவி உங்க வீட்டுலயே இருப்பாங்க. உங்க காலம் வரைக்கும் துணை.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணுமில்ல. அவங்க உங்க மனைவி, அவ்வளவுதான்னு ஒரு வரி. ஆலைக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு.”

அவர் போன பிறகு நான் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். அடுப்புக்கு எதிரே நல்ல இடம். உலை கொதிக்கும்போது பின்னாலிருந்து அவள் இருமுவாள். நான் இரண்டு வார்த்தை சொன்னால் வெட்கப்பட வேண்டியதில்லை. சொல்கிறேன், எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. பொதுவாழ்வில் எவ்வளவோ ஆசை காட்டினார்கள், எதுவும் என் நாக்கில் எச்சில் ஊற வைத்ததில்லை, இது வைத்தது.

மதிலுக்குப் போனேன். வள்ளிக்கண்ணு வேலை முடிந்து தலையெல்லாம் வெளுத்து அங்கே உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“கொண்டுபோய் அடுப்படியில வச்சுக்கங்க” என்றாள். “பொம்பளைய வைக்கிற எடம்தானே அது.”

“ஏன் இப்படிப் பேசுற?”

“வேற எப்படிப் பேசுறதுண்ணே? அண்ணி உங்களுக்குச் சோறாக்கினத நாங்க யாரும் பாக்கல. சிமெண்டு அள்ளினதத்தான் பாத்தோம். அவ அங்க இல்லவே இல்லன்னு நீங்களே எழுதிக் கொடுத்தா, நாளைக்கு நான் செத்தா நானும் இல்ல. உள்ள இருக்குற இத்தனை பேரும் இல்ல.” எழுந்து புடவையைத் தட்டினாள். தூசி அவள் வடிவத்திலேயே ஒரு கணம் நின்று கலைந்தது. “உங்களுக்குத் தொண வேணும்னா ஒரு கிளி வாங்கி வளங்க.”

மறுநாள் மேலாளருக்குச் சொல்லி அனுப்பினேன், என் வீட்டுச் சுவர் மண் சுவர், தாங்காது என்று.

விசாரணைக்குக் கோட்டாட்சியர் நேரிலேயே வந்தார். இளவயதுப் பெண், வெயிலுக்குக் குடை பிடிக்க வந்தவரைப் போகச் சொல்லிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு மதில் ஓரமாக நடந்தார். ஊரே திரண்டிருந்தது. மேலாளர் கூடவே நடந்து ஒவ்வொரு படத்தையும் காட்டி, பெயர், பிரிவு, பெயர், பிரிவு என்று சொல்லி வந்தார். கொளஞ்சியம்மாளிடம் வந்ததும் தாண்டிப் போனார்.

“இது யார்?” என்றார் கோட்டாட்சியர்.

“தெரியாது மேடம். இந்தப் பெரியவரோட சம்சாரம்ங்கிறாங்க. எங்க ஆள் இல்லை.”

“உங்க ஆள் இல்லைன்னா உங்க மனுவில வராது. இந்தப் படம் இருக்கிற அளவுக்குச் சுவரை விட்டுட்டு மத்ததை எடுத்துக்கங்க.” என்னைப் பார்த்தார், இரக்கத்தோடுதான். “உங்களுக்குச் சம்மதம்தானே ஐயா?”

அவள் இருக்கலாம். நான் துண்டை விரித்து உட்காரலாம். கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும்.

“சம்மதம் இல்லைங்க” என்றேன். “அவளையும் சேக்கணும்.”

“சேர்த்தா இதையும் இடிப்பாங்க.”

“தெரியும்.”

“அவர் தெரியாதுங்கிறாரே.”

“இப்ப சங்கு ஊதும். எல்லாரும் ஒண்ணா இருமுவாங்க. அதுல எது பெரிய தொல்லைன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க.”

சங்கு ஊதியது. மதில் முழுக்க இருமியது, மதிலுக்கு எதிரே நின்றவர்களில் பாதிப்பேரும் இருமினார்கள், நானும். மேலாளர் முகத்தைச் சுளித்து, யோசிக்காமல், நேராக அவளைக் கை காட்டினார்.

“இதுதான் மேடம். இதை விட்டுட்டு மத்ததை இடிச்சு என்ன பிரயோசனம்? வாங்க வர்றவங்க காதுல இதுதான் விழும்.”

“இத்தனை இருமல்ல இது இவங்களோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

“எனக்குத் தெரியாதா மேடம்? பேக்கிங் பிரிவு என் அறை ஜன்னலுக்குக் கீழதான். வருஷக்கணக்கா கூட்டிக்கிட்டே இருமும். ஜன்னலை மூடினாலும்…”

அங்கே நிறுத்தினார். காசிநாதன் கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, யாரும் திரும்பவில்லை. கோட்டாட்சியர் எழுத்தரிடம், “அவர் சொன்னதை அப்படியே எழுதுங்க” என்றார். பிறகு என்னிடம் கேட்டார், “கணவர் பேரு?”

“அது வேண்டாங்க. அவ வேலையப் போடுங்க. போதும்.”

உத்தரவு வந்த நாள் காலையில் இடிக்கிற இயந்திரம் வந்து சாலையோரம் நின்றது. தலையாரி கலியபெருமாள் உத்தரவைச் சுவரில் ஒட்டினார். வரிபாக்கி அறிவிப்புகளைப் படித்துப் படித்து ஏற்ற இறக்கம் இல்லாமல் போன குரல் அவருக்கு. சாட்சிகளாக இருவர் போதும், ஊர் முழுக்க நின்றது; பேக்கிங் பிரிவின் கோடுகள் வேலைக்குப் போகாமல் முன்வரிசையில் நின்றார்கள், வாய்த் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு.

அவர் படிக்கத் தொடங்கினார். ஒரு பெயர் படித்ததும், அந்தப் பெயருக்குரியவன் இருமலை நிறுத்தினான். அடுத்த பெயர், அடுத்தவன் அடங்கினான். ஊர் அதற்கும் ஆச்சரியப்படவில்லை. கூப்பிட்டால் நின்று கேட்பது மரியாதை. வள்ளிக்கண்ணுவின் கணவன் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடங்கினான். அரவை அடங்கியது, சூளை அடங்கியது, லாரி ஏற்றியவர்கள் அடங்கினார்கள். கடைசியில் மதில் முழுவதிலும் ஒரே ஒரு இருமல் மிச்சம் இருந்தது, குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

கலியபெருமாள் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “படிக்கட்டுமா தோழர்?”

நான் சுவரைப் பார்த்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“படிங்க” என்றேன். “கேட்டுக்குள்ள நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்.”

அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு, அவருக்கே தெரியாத ஒரு குரலில், சாட்சிகள் முன்னால் படித்தார்:

“கொளஞ்சியம்மாள். பேக்கிங் பிரிவுத் தொழிலாளி.”